லிங்க்டின் கணக்கை நாலு மாதம் நிறுத்தி வைக்கலாமா? திரும்பி வரேக்க என்ன மிஞ்சும்?

முத்தையன்கட்டுப் பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில கள உத்தியோகத்தரா இருக்கிறன். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோட முடியுது. அதுக்குப் பிறகு நாலு மாதம் நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கப் போறன். அந்தக் காலம் முழுக்க லிங்க்டின் பக்கம் தலைவைக்க விருப்பமில்லை. யாரும் என்னைத் தேடிப் பார்க்கவும் வேண்டாம். ஆனா சேர்த்து வைச்ச தொடர்புகளை இழக்கேலாது. கொழும்பில இருக்கிற கொடையாளர் அலுவலக ஆக்கள், முந்தி வேலை செய்த திட்டங்களின்ர முகாமையாளர்கள் எல்லாரும் அதுக்குள்ளதான்.

என்ர நிலைமை இது. கணக்கு திறந்தது அலுவலக ஈமெயிலில. லொகின் பண்ணேக்க வாற குறியீடு அலுவலகம் தந்த சிம்முக்குத்தான் எஸ்எம்எஸ்ஸா வருது. பிரீமியம் இலவச மாதம் ஒண்டு இப்ப ஓடிக்கொண்டிருக்கு, அதில என்ர வங்கி அட்டை பதிஞ்சு கிடக்கு. எங்கட பெண்கள் சங்கத்தின்ர பனையோலைப் பொருட்களுக்கு ஒரு பக்கம் நடத்துறம், அதுக்கு நான் மட்டும்தான் நிர்வாகி. எனக்குக் கீழ வேலை செய்த தொண்டர் பிள்ளையளுக்குப் பரிந்துரை எழுதிக் குடுத்திருக்கிறன். ரெண்டு வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருக்கு.

எதை முதல்ல செய்யவேணும்? எங்க பிழைக்கும்? விபரம் தெரிஞ்ச அண்ணைமார் அக்காமார் சொல்லுங்கோ.

கனகராயன்:

தங்கச்சி, செட்டிங்ஸில ஒரே இடத்தில ரெண்டு பொத்தான் கிடக்கும். ஒண்டு "ஹைபர்னேட் அக்கவுண்ட்", அது கணக்கைத் தற்காலிகமா மறைச்சு வைக்கிறது. மற்றது "க்ளோஸ் அக்கவுண்ட்", அது முழுசா மூடுறது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. ரெண்டாவதில தவறுதலாக் கை பட்டாலும் 14 நாளுக்குள்ள திரும்பத் திறக்கலாம். ஆனா திறந்தாலும் எல்லாம் வராது. மற்றவை எழுதின பரிந்துரைகள், திறன்களுக்குக் கிடைச்ச ஒப்புதல்கள், நீங்கள் பின்தொடர்ந்த ஆக்களும் நிறுவனங்களும், குழு உறுப்புரிமை, பதில் வராமல் நிண்ட அழைப்புகள் எல்லாம் போயிடும். 14 நாள் தாண்டினா கணக்கே இல்லை. ஹைபர்னேட்டில அப்பிடி ஒண்டும் அழியாது. நாலு மாதத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை.

கொம்பியூட்டரில எண்டால் மேல வலப்பக்கம் உங்கட படத்துக்குக் கீழ இருக்கிற "மீ", அதுக்குள்ள "செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி", இடப்பக்கம் "அக்கவுண்ட் பிரிஃபரன்ஸஸ்". அதைத் திறந்து அடிமட்டும் இறங்கினா "அக்கவுண்ட் மனேஜ்மென்ட்" எண்ட தலைப்பு, அதுக்குக் கீழ "ஹைபர்னேட் அக்கவுண்ட்". காரணம் ஒண்டைத் தெரிவு செய்யச் சொல்லும், எதைப் போட்டாலும் விளைவு ஒண்டுதான். "நெக்ஸ்ட்" அடிச்சு, பாஸ்வேர்ட் குடுத்து, கடைசியா ஒருக்கா உறுதிப்படுத்தினா முடிஞ்சுது. போனில எண்டால் இடப்பக்க மேல் மூலையில படத்தைத் தொட்டு "செட்டிங்ஸ்", பிறகு அதே வழிதான்.

பாஸ்வேர்ட் கேட்கிற இடத்திலதான் கனபேர் நிக்கிறவை. போனில எப்பவும் லொகின் ஆகியே கிடக்கிறதால பாஸ்வேர்ட் மறந்துபோயிருக்கும். உங்கட நிலைமையில அதை மாத்தப் போனால் மாத்துற லிங்க் அலுவலக மெயிலுக்குத்தான் போகும். அந்த மெயில் உயிரோட இருக்கேக்கயே சரிபார்த்து வையுங்கோ.

ஹைபர்னேட் பண்ணினா மற்றவைக்குத் தெரியிறது இவ்வளவுதான். உங்கட புரொபைலைத் தேடினா வராது. முந்தி நீங்கள் அனுப்பின செய்திகள் அவையின்ர பெட்டியில அப்பிடியே இருக்கும், ஆனா பெயரும் படமும் இல்லாமல் "லிங்க்டின் மெம்பர்" எண்டு காட்டும். நீங்கள் மற்றவைக்கு எழுதின பரிந்துரைகளிலயும் திறன் ஒப்புதல்களிலயும் பெயர் அப்பிடித்தான் மறையும். திரும்பி வந்தோடன எல்லாத்திலயும் உங்கட பெயர் ஏறும்.

ஒரு கட்டுப்பாடு இருக்கு, அதைக் குறிச்சு வையுங்கோ. ஹைபர்னேட் பண்ணி 24 மணித்தியாலத்துக்குத் திரும்பத் திறக்கேலாது. அதால நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள், இல்லாட்டி யாராவது புரொபைல் லிங்க் கேட்டிருக்கிற நேரத்தில இதைத் தொடாதேங்கோ. அந்த 24 மணித்தியாலம் கழிஞ்ச பிறகு எப்ப வேணுமெண்டாலும் வழமைபோல லொகின் பண்ணினாக் காணும், கணக்குத் திறந்திடும்.

இதில இன்னொரு பக்கமும் இருக்கு. லொகின் பண்ணினாலே திறக்கும் எண்டபடியா, தெரியாமல் லொகின் பண்ணினாலும் திறக்கும். போனில ஆப்பை அழிச்சு விடுங்கோ. உலாவியில சேமிச்சு வைச்ச பாஸ்வேர்டையும் எடுத்து விடுங்கோ. "சைன் இன் வித் லிங்க்டின்" எண்டு சொல்லி வேற வேலைத் தளங்களுக்குள்ள போற பழக்கம் இருந்தா அந்தத் தளங்களில முதல்லயே தனி ஈமெயில், பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளுங்கோ. எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி குடுத்திருக்கிறியள் எண்டது "டேட்டா பிரைவசி" பகுதியில "பெர்மிட்டட் சேர்விசஸ்" எண்ட இடத்தில வரிசையாக் கிடக்கும்.

பிரீமியத்தை ஹைபர்னேட்டுக்கு முதலே நிறுத்துங்கோ. புரொபைல் மறையிறதும் காசு கழிபடுறதும் ரெண்டு வேற விசயம், ஒண்டை நிறுத்தினா மற்றது தானா நிக்கும் எண்டு இருக்கவேண்டாம். "அக்கவுண்ட் பிரிஃபரன்ஸஸ்" உள்ளயே சந்தா, கொடுப்பனவு எண்ட பகுதி இருக்கு, அங்க ரத்து செய்யலாம். ஐபோனில ஆப்பிள் ஊடாகச் சேர்ந்தவை லிங்க்டினுக்குள்ள ரத்து செய்யேலாது, போன் செட்டிங்ஸில ஆப்பிள் சந்தாப் பட்டியலுக்குப் போகவேணும். இலவச மாதம் முடியிற நாள்மட்டும் பார்த்துக்கொண்டு நிக்காமல் ஒரு நாள் ரெண்டு நாள் முந்திச் செய்யுங்கோ. லிங்க்டின் லேர்னிங்கில ஏதும் பாடநெறி முடிச்சிருந்தா சான்றிதழைப் பிடிஎஃபா இறக்கிப்போட்டு ரத்து செய்யுங்கோ.

நெடுங்கேணி:

கனகராயன் அண்ணை சொன்ன படி எல்லாம் சரி. ஆனா முத்தையன்கட்டுப் பிள்ளையின்ர கேள்வியில எனக்குப் பயம் தந்தது அலுவலக மெயிலும் அலுவலக சிம்மும்தான். ஹைபர்னேட் பண்ண ரெண்டு நிமிசம் காணும். நாலு மாதம் கழிச்சு உள்ள வரேலாமல் நிக்கிறவை எல்லாரும் இந்த ரெண்டிலதான் மாட்டுறவை. வன்னியில திட்ட வேலை செய்யிற ஆக்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கிற விசயம். ஒப்பந்தம் முடிஞ்சோடன மெயில் வெட்டுப்படும், சிம்மும் மடிக்கணினியும் கையளிக்கவேணும். லிங்க்டின் குறியீட்டை அனுப்பும், அது இன்னொருத்தற்ற கைக்குப் போகும், அல்லது எங்கயும் போகாது.

அதால வரிசை முக்கியம். முதல் வேலை மெயில். "சைன் இன் அண்ட் செக்யூரிட்டி" பகுதியில "ஈமெயில் அட்ரசஸ்" எண்டு இருக்கு. உங்கட சொந்த ஜிமெயிலைச் சேருங்கோ. அந்த ஜிமெயிலுக்கு வாற உறுதிப்படுத்தலைத் திறந்து அழுத்துங்கோ. பிறகு அதைப் "பிரைமரி" ஆக்குங்கோ. கன பேர் சேர்க்கிறதோட விட்டிடுவினம். பிரைமரி ஆக்காட்டி முக்கியமான அறிவித்தல் எல்லாம் தொடர்ந்து பழைய மெயிலுக்குத்தான் போகும். பிரைமரி மாறினதைக் கண்ணால கண்ட பிறகு அலுவலக முகவரியைப் பட்டியலில இருந்து எடுத்து விடுங்கோ. அதை விட்டு வைச்சால் நாளைக்கு அந்த முகவரியை அலுவலகம் வேறொருத்தருக்கு மாத்திக் குடுத்தால் உங்கட பாஸ்வேர்டை அவரால மாத்தேலும்.

ரெண்டாவது போன் இலக்கம். அதே பகுதியில "போன் நம்பர்ஸ்". சொந்த இலக்கத்தைச் சேர்த்து, பழையதை எடுங்கோ. சொந்த சிம் முற்கொடுப்பனவு எண்டால் நாலு மாதமும் ரீலோட் போட்டு உயிரோட வைச்சிருங்கோ. கனகாலம் பாவிக்காமல் விட்ட இலக்கத்தை நிறுவனம் நிறுத்திப் பிறகு வேற ஆளுக்குக் குடுக்கும்.

மூண்டாவது, ரெண்டு படி உறுதிப்படுத்தலை எஸ்எம்எஸ்ஸில இருந்து ஓதென்டிகேட்டர் ஆப்புக்கு மாத்துங்கோ. எங்கட இடங்களுக்கு இது இரட்டிப்பு நன்மை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய் பக்கம் உள்ளுக்க போனால் சிக்னல் வந்து வந்து போகும். எஸ்எம்எஸ் வந்து சேர முதல் குறியீடு காலாவதி ஆகிடும். ஆப்பில வாற 6 இலக்கக் குறியீட்டுக்குச் சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். போனுக்குள்ளயே 30 செக்கனுக்கு ஒருக்கா புதுசா வரும். அதுக்குத் தேவை போனின்ர நேரம் சரியா இருக்கிறது மட்டும்தான். போன் மணிக்கூடு கொஞ்சம் பிந்தி முந்தி ஓடினாலும் சரியான குறியீட்டைப் பிழை எண்டு சொல்லும். போன் செட்டிங்ஸில நேரத்தைத் தானியங்கியில விடுங்கோ.

அந்த ஆப் அலுவலகப் போனில இருந்தா கையளிக்க முதல் சொந்தப் போனுக்கு மாத்தவேணும். கூகிள் ஓதென்டிகேட்டரில கியூஆர் காட்டி மற்றப் போனால ஸ்கான் பண்ணி மாத்தலாம். 2023க்குப் பிறகு கூகிள் கணக்கோட ஒத்திசைக்கவும் வசதி இருக்கு, ஆனா அந்தக் கூகிள் கணக்கு அலுவலகத்தின்ரயா உங்கட சொந்தமா எண்டு பாருங்கோ.

இவ்வளவும் முடிஞ்ச பிறகு "வெயர் யூ ஆர் சைண்ட் இன்" எண்ட இடத்தைத் திறந்தால் எந்தெந்தக் கருவியில கணக்குத் திறந்து கிடக்கு எண்டு காட்டும். அலுவலக மடிக்கணினி, கொமினிகேசன் கடைக் கொம்பியூட்டர் எதுவும் அதில இருந்தா முடிச்சு விடுங்கோ. மடிக்கணினியின்ர உலாவியில சேமிச்ச பாஸ்வேர்டுகளையும் அழிச்சுப்போட்டுக் குடுங்கோ. அடுத்ததா வாற உத்தியோகத்தர் லிங்க்டினைத் திறக்க, உங்கட கணக்கு முழிச்சிடக்கூடாது.

ஒரு பரீட்சார்த்தம் செய்து பாருங்கோ. எல்லாத்தையும் மாத்தின பிறகு, ஹைபர்னேட் பண்ண முதல், சொந்தப் போனில ஒருக்கா லொக் அவுட் ஆகித் திரும்பப் புது மெயில், பாஸ்வேர்ட், ஆப் குறியீடு போட்டு உள்ள வாங்கோ. வரேலுமெண்டால் நாலு மாதம் கழிச்சும் வரேலும். வரேலாட்டி அலுவலக மெயில் இருக்கேக்கயே திருத்தலாம்.

பிந்திப் பிழைச்சால் கடைசி வழி அடையாள ஆவணம் காட்டி நிறுவுறது. அதிலயும் எங்கட ஆக்களுக்குச் சிக்கல் இருக்கு. லிங்க்டினில பெயரும் முதலெழுத்தும் போட்டிருப்பம், கடவுச்சீட்டில தகப்பன்ர பெயர் முழுசா இருக்கும். பழைய லேமினேட் அடையாள அட்டையில ஆங்கிலத்தில பெயரே இல்லை. அந்த நிலைக்குப் போகாமல் இருக்கிறதுதான் நல்லது. புரொபைல் பெயரைக் கடவுச்சீட்டோட ஒத்த மாதிரி இப்பவே திருத்தி வைச்சால் பிறகு உதவும்.

பனங்காமம்:

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை. உங்கள் இரண்டு விண்ணப்பங்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. ஆட்சேர்ப்பவர் உங்கள் பெயரைச் சொடுக்கினால் புரொபைல் திறக்காது. விண்ணப்பத்தோடு இணைத்த சுயவிபரக்கோவை அவரிடம் இருக்கும், ஆனால் ஆளைக் காணவில்லையே என்ற ஐயம் வரும். அனுப்பிய சுயவிபரக்கோவைகளில் லிங்க்டின் முகவரியும் அச்சாகியிருக்கும், அதுவும் வெறுமையாகிவிடும்.

என் கருத்து, அந்த இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வரும்வரை ஹைபர்னேட் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தேவை அமைதி. புரொபைலை மறைக்காமலே அதில் பெரும்பகுதியைப் பெறலாம்.

"நோட்டிஃபிகேஷன்ஸ்" பகுதியில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று வழிகள் இருக்கும்: ஆப்புக்குள் வருவது, போன் திரையில் வருவது, ஈமெயிலில் வருவது. மூன்றாவதை மட்டும் நிறுத்திவிட்டு ஓயவில்லையே என்று சலிப்பவர்கள் பலர். மூன்றையும் ஒவ்வொரு வகையிலும் நிறுத்துங்கள். வேலை தொடர்பான வகையிலும் செய்தி வகையிலும் ஈமெயிலை மட்டும் விட்டுவையுங்கள். அப்போது ஆட்சேர்ப்பவரின் செய்தி உங்கள் ஜிமெயிலுக்கு வரும், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்படி வரும் தொல்லை நிற்கும்.

"விசிபிலிட்டி" பகுதியில் நீங்கள் இணையத்தில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியை "நோ ஒன்" என்று மாற்றலாம். அதே பகுதியில் பொதுப் புரொபைலை நிறுத்தினால் லிங்க்டினுக்கு வெளியே, கூகிள் போன்றவற்றில், உங்கள் பக்கம் தெரியாது. தேடுபொறியில் பழைய பதிவு உடனே நீங்காது, சில வாரம் எடுக்கலாம். அவசரமென்றால் காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கருவி ஒன்றைக் கூகிள் வைத்திருக்கிறது. முழுவதுமாக ஹைபர்னேட் செய்பவர்களுக்கும் இது பொருந்தும், ஏனெனில் கூகிள் சேமித்து வைத்த பிரதியும் லிங்க்டினின் பக்கமும் ஒரே நேரத்தில் மறைவதில்லை.

புதிய அழைப்புகள் வேண்டாமென்றால், "டேட்டா பிரைவசி" பகுதியில் யார் அழைப்பு அனுப்பலாம் என்பதை உங்கள் ஈமெயில் முகவரி தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாம்.

இன்னொரு வசதி 2022இல் வந்தது. புரொபைலில் ஒரு பகுதியைச் சேர்க்கும்போது "கரியர் பிரேக்" என்று ஒன்று இருக்கும். பராமரிப்பு, பிள்ளை வளர்ப்பு, உடல்நலம், தொழில் மேம்பாடு, இடமாற்றம் என்று 13 வகை. படிப்புக்கு "புரொஃபெஷனல் டிவலப்மென்ட்" பொருந்தும். தொடங்கும் மாதத்தைப் போட்டு, முடிவுத் திகதியைத் திறந்து விடலாம். நான்கு மாத இடைவெளியை யாரும் கேள்வியாகக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். பரீட்சைக்குப் படிப்பது மறைக்க வேண்டிய விடயமல்ல. சேர்க்கும்போது "நோட்டிஃபை நெட்வேர்க்" என்பதை நிறுத்திவிட்டுச் சேமியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவித்தல் போகும், அவர்கள் வந்து விசாரிப்பார்கள், அமைதி குலையும். இன்றைய பதவிக்கு முடிவு மாதம் போடும்போதும் இதையே கவனியுங்கள்.

வேலை தேடுவதைக் காட்டும் "ஓபன் டு வேர்க்" பச்சை வளையம் உங்கள் படத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். படிக்கும் காலத்தில் அது தேவையற்ற அழைப்புகளைக் கொண்டுவரும்.

முத்தையன்கட்டுப் பிள்ளை:

ரொம்ப நன்றி. மெயில் மாத்துற வேலையை இண்டைக்கே துவங்கிறன். பனங்காமம் சொன்னதை யோசிச்சன். விண்ணப்பம் ரெண்டும் முடியுமட்டும் அறிவித்தல்களை மட்டும் நிப்பாட்டி வைச்சு, பதில் வந்த பிறகு ஹைபர்னேட் பண்ணலாம் எண்டு படுது.

சங்கத்தின்ர பக்கம் பற்றி யாரும் சொல்லேல்லை. அதில பனங்கூடை, பாய் படங்கள் போட்டு வெளிநாட்டில இருந்து விசாரணை வாறது. நான் இல்லாத நேரம் அது என்ன ஆகும்? மற்றது, தொண்டர் பிள்ளையளுக்கு எழுதின பரிந்துரையில என்ர பெயர் மறையும் எண்டது கவலையா இருக்கு. அவையள் இப்பதான் வேலை தேடுறவை.

வவுனிக்குளம்:

பக்கம் உங்கட கணக்கோட ஒட்டின மாதிரித் தெரிஞ்சாலும் அது தனி. நீங்கள் மறைஞ்சாலும் பக்கம் இருக்கும், ஆனா திறக்கிற சாவி உங்களிட்ட மட்டும் இருந்தா அதை நடத்த ஆளில்லை. விசாரணை வந்து கிடக்கும், பதில் போகாது. அதால ஹைபர்னேட்டுக்கு முதல் குறைஞ்சது இன்னும் ஒரு ஆளை "சூப்பர் அட்மின்" ஆக்கவேணும்.

பக்கத்தின்ர நிர்வாகப் பார்வைக்குப் போங்கோ. அங்க "செட்டிங்ஸ்", அதுக்குள்ள "மனேஜ் அட்மின்ஸ்", பிறகு "ஆட் அட்மின்". சங்கத்தில ஒரு ஆளின்ர லிங்க்டின் பெயரைத் தேடி எடுத்து, பொறுப்பைத் தெரிவு செய்யுங்கோ. இதிலதான் பிழை வாறது. "கன்டென்ட் அட்மின்" எண்டு குடுத்தால் அவவால பதிவு போடேலும், ஆனா வேற ஆக்களைச் சேர்க்கவோ எடுக்கவோ ஏலாது. "அனலிஸ்ட்" எண்டால் எண்ணிக்கைகளைப் பார்க்க மட்டும்தான். "சூப்பர் அட்மின்" குடுத்தால்தான் உங்கட இடத்தை அவ நிரப்பேலும். சங்கத்தில யாருக்கும் லிங்க்டின் கணக்கு இல்லையெண்டால் செயலாளருக்கு ஒரு கணக்குத் திறந்து, அவவின்ர சொந்த மெயிலில, சொந்த இலக்கத்தில செய்யுங்கோ. சங்கத்தின்ர பொது மெயிலில எல்லாரும் ஒரு கணக்கைப் பாவிக்கிறது நல்லதில்லை. ஆளில்லாத பெயரில கணக்கு வைச்சிருக்கிறது லிங்க்டின் விதிக்கு மாறு, முடக்கினா பக்கமும் பூட்டுப்படும்.

அவவின்ர புரொபைலில "எக்ஸ்பீரியன்ஸ்" பகுதியில சங்கத்தின்ர பதவியைச் சேர்த்து, பக்கத்தோட இணைச்சு விடுங்கோ. எதிர்காலத்தில நிர்வாகி யாருமில்லாமல் போனாலும், அந்த அமைப்பில இப்ப வேலை செய்யிறன் எண்டு புரொபைலில காட்டியிருக்கிற ஆளாலதான் நிர்வாக அனுமதி கேட்கேலும்.

பக்கத்தின்ர தொடர்பு மெயில், தொலைபேசி ரெண்டும் உங்கட இலக்கமா எண்டு பாருங்கோ. கனபேர் துவங்கேக்க தங்கட இலக்கத்தைப் போட்டு அப்பிடியே விட்டிடுவினம். பக்கத்துக்குச் செய்தி வாற வசதி திறந்திருந்தா புதுப் பொறுப்பாளுக்கு அதை எங்க பார்க்கிறது எண்டு கிட்ட இருந்து காட்டிக் குடுங்கோ. ஒரு கூடைக்கு விலை என்ன, எத்தனை நாளில முடிக்கலாம், தபால் செலவு யாற்ற எண்ட மூண்டு கேள்விக்கும் ஆங்கிலத்தில மூண்டு வரி எழுதி அவவின்ர போனில குறிப்பா வைச்சால் காணும், அவவே பதில் போடுவா. முன்கூட்டியே நேரம் குறிச்சு வைச்ச பதிவு ஏதும் உங்கட பெயரில இருந்தாப் பார்த்து முடியுங்கோ.

குழு ஏதும் நீங்கள் துவங்கி நடத்தினா அதிலயும் உரிமையை வேற ஆளுக்கு மாத்தவேணும்.

பரிந்துரை விசயம். நீங்கள் மறைஞ்சிருக்கிற நாலு மாதமும் அந்தப் பிள்ளையளின்ர புரொபைலில உங்கட வசனம் இருக்கும், பெயர் இராது. பெயரில்லாத பரிந்துரைக்குப் பெறுமதி குறைவு, அதை மறைச்சுச் சொல்லேலாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் முதல் வேலை தேடுற பிள்ளைக்குக் கள மேற்பார்வையாளரின்ர ஒரு பெயர்தான் கையில இருக்கிற ஆதாரம். அதால ரெண்டு வேலை செய்து குடுங்கோ. ஒண்டு, ஒப்பந்தம் முடிய முதல் அலுவலகத் தலைப்புத் தாளில, அனுமதி எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் அரைப் பக்கக் கடிதம். எந்தக் கிராம சேவையாளர் பிரிவில, எந்த மாதத்தில இருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை, எத்தனை குடும்பங்களோட எண்டு இருக்கவேணும். "நல்ல பிள்ளை" எண்ட வசனத்தைவிட அதுதான் வேலை எடுத்துத் தரும். மற்றது, உங்கட சொந்த மெயிலையும் இலக்கத்தையும் சுயவிபரக்கோவையில சான்றாளரா எழுத விடுங்கோ. ஹைபர்னேட் பண்ணப் போற திகதியையும் முதலே சொல்லி வையுங்கோ, பெயர் மறைஞ்சதைப் பார்த்து உங்களோட ஏதோ கோவம் எண்டு நினைக்கக்கூடாது.

கனகராயன்:

வவுனிக்குளம் சொன்னது எனக்கும் தெரியவேண்டி இருந்தது, நன்றி.

தொடர்புகளை இழக்கேலாது எண்டு கேட்டிருந்தியள். ஹைபர்னேட்டில அது போகாது எண்டாலும் கையில ஒரு பிரதி வைச்சிருங்கோ. "டேட்டா பிரைவசி" பகுதியில "கெட் எ கொப்பி ஒஃப் யுவர் டேட்டா". முழுத் தரவையும் கேட்டால் தயாராக 24 மணித்தியாலம் வரை எடுக்கும், தொடர்புகளை மட்டும் கேட்டால் கெதியா வரும். லிங்க் பிரைமரி மெயிலுக்கு வரும், 72 மணித்தியாலத்தில காலாவதி ஆகும். அதாவது இதைக் கேட்கிறது மெயிலை மாத்தின பிறகு, ஹைபர்னேட் பண்ண முதல். கேட்டுப்போட்டு உடன ஹைபர்னேட் பண்ணினா தரவை எடுக்கத் திரும்ப லொகின் பண்ணவேண்டி வரும், 24 மணித்தியாலத் தடையும் குறுக்க நிக்கும்.

வாறது ஜிப் கோப்பு. உள்ள "கனெக்ஷன்ஸ்" எண்டு ஒரு சிஎஸ்வி, அதாவது அட்டவணைக் கோப்பு, இருக்கும். பெயர், நிறுவனம், பதவி, தொடர்பான திகதி எல்லாம் அதில கிடக்கும். ஈமெயில் நிரல் பெரும்பாலும் வெறுமையாத்தான் இருக்கும், ஏனெண்டால் தன்ர முகவரியை எடுக்க அனுமதி குடுத்தவரின்ர மட்டும்தான் வரும். முக்கியமான பத்துப் பதினைஞ்சு பேரின்ர மெயிலை அவையின்ர புரொபைலில "கொன்டாக்ட் இன்ஃபோ" பார்த்துக் கையால எழுதிச் சேருங்கோ.

அந்தக் கோப்பை எக்செலில நேரடியாத் திறந்தால் தமிழில பெயர் போட்டவையின்ர பெயர் எல்லாம் குறியும் கோடுமா வரும். கோப்பு பழுதில்லை, எழுத்துக் குறியாக்கத்தை எக்செல் பிழையா எடுக்குது. வெறும் எக்செலைத் திறந்து, "டேட்டா" தாவலில "ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி" எண்டு எடுத்து, கோப்பின்ர குறியாக்கத்தில 65001 யூடிஎஃப்-8 தெரிவு செய்து ஏத்துங்கோ, தமிழ் வடிவா வரும். கூகிள் ஷீட்ஸில ஏத்தினா இந்தப் பிரச்சினையே இல்லை.

உங்கட புரொபைல் பக்கத்தையும் ஒருக்காப் பிடிஎஃபா எடுத்து வையுங்கோ. புரொபைல் மேல் பகுதியில இருக்கிற பொத்தான்களுக்குள்ள "சேவ் டு பிடிஎஃப்" கிடக்கும். இடையில யாராவது விபரம் கேட்டால் அதை அனுப்பலாம், கணக்கை எழுப்பத் தேவையில்லை.

நெடுங்கேணி:

இன்னும் ஒண்டு. ஹைபர்னேட் பண்ணின பிறகு உங்கட மெயிலுக்கு "கணக்கு அழியப் போகுது, உடன அழுத்துங்கோ" எண்டு ஏதும் வந்தால் அழுத்தாதேங்கோ. லிங்க்டின் பெயரில வாற ஏமாத்து மெயில் கனக்க. உண்மையாவே பார்க்கவேணும் எண்டு பட்டாலும் மெயிலில இருக்கிற லிங்க்கைத் தொடாமல், உலாவியில முகவரியை நீங்களே தட்டெழுதிப் போங்கோ. ஆனா போய் லொகின் பண்ணினா கணக்கு எழும்பிடும், பிறகு திரும்ப ஹைபர்னேட் பண்ணவேண்டி வரும், அதால பொதுவா விட்டிடுறதுதான் சரி.

திரும்பி வாற நாள் கொம்பியூட்டரில வாங்கோ, போனில வேண்டாம். போனில ஆப்பைப் போட்டோடன அறிவித்தலுக்கு அனுமதி கேட்கும், நாலு மாதத்துக்குச் சேர்ந்தது எல்லாம் ஒரேயடியா வந்து விழும். கொம்பியூட்டரில எண்டால் முதல்ல "நோட்டிஃபிகேஷன்ஸ்" போய் நிப்பாட்டினது நிப்பாட்டினபடி இருக்கா எண்டு பார்த்து, பிறகு பழைய பதவி, கரியர் பிரேக் முடிவு மாதம் எல்லாம் திருத்தலாம். திறந்தோடன சில விபரங்கள் காணாட்டிப் பதறாதேங்கோ, எல்லாம் ஒரே நேரத்தில ஏறாது, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ. தேடலில உங்கட பெயர் வருதோ எண்டதை லொக் அவுட் பண்ணிப்போட்டு வேற உலாவியில பாருங்கோ. பொதுப் புரொபைலை நிப்பாட்டி வைச்சிருந்தால் அதைத் திரும்பத் திறக்கிற வேலை உங்கட கையில, ஹைபர்னேட் முடிஞ்சோடன தானாத் திறக்கும் எண்டு நினைச்சு இருக்கவேண்டாம்.